காட்ஸில்லாவும் வெள்ளைச் சாம்பலும்

ராட்சத மிருகம் ஒன்றைப் பற்றி இஷிரோ ஹோண்டா இயக்கிய ‘காட்ஸில்லா’ திரைப்படம், நடுக்கடல் திடீரென ஒளிர்ந்து ஒரு கப்பல் தீப்பற்றி மூழ்குவதில் தொடங்குகிறது. 1954 நவம்பர் 3 அன்று அதைப் பார்த்த ஜப்பானியர்களுக்கு அந்த ஒளியின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டு மார்ச் 1 அன்று பசிபிக் பெருங்கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ‘காசில் பிராவோ’ என்னும் சோதனையில் ஹைட்ரஜன் குண்டை வெடித்தபோது, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் சூரை பிடித்துக்கொண்டிருந்த ‘டைகோ ஃபுகுர்யூ மாரு’ படகின் 23 பேர் மீதும் சில மணி நேரத்தில் வெள்ளைச் சாம்பல் பொழிந்தது.

அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியேதான் அந்தப் படகு இருந்தது. கணக்குப் பிழைத்தது குண்டுக்குள்ளே. அதன் எரிபொருள், லித்தியமும் ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியமும் சேர்ந்த லித்தியம் டியூட்டரைடு. அதிலுள்ள லித்தியத்தின் ஒரு வகையான லித்தியம்-6 ஒரு நியூட்ரானை ஏற்று, ஹைட்ரஜனின் இன்னும் கனமான வகையான டிரிட்டியத்தைத் தரும். டிரிட்டியம் டியூட்டீரியத்துடன் இணையும்போது பேராற்றல் வெளிப்படும். ஆனால் எரிபொருளின் லித்தியத்தில் பாதிக்கும் மேற்பட்டது லித்தியம்-7 என்னும் மற்றொரு வகை ஆகும். அது வினையில் பெரிதாகப் பங்கேற்காது என்று வடிவமைத்தவர்கள் கருதியிருந்தனர். அதிவேக நியூட்ரான்கள் மோதியதும் அதுவும் உடைந்து, டிரிட்டியத்தோடு மேலும் ஒரு நியூட்ரானையும் வெளியிட்டது. சுமார் 6 மெகாடன் (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டி.என்.டி வெடிமருந்துக்கு இணையானது) எதிர்பார்க்கப்பட்ட வெடிப்பு 15 மெகாடனாயிற்று.

சாம்பல் எங்கிருந்து வந்தது? ஹிரோஷிமாவில் குண்டு ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் வெடித்ததால் தீக்கோளம் தரையைத் தொடவில்லை. பிராவோ குண்டோ பவளத்திட்டின் மேலேயே வெடித்தது. பவளம் என்பது கால்சியம் கார்பனேட். காளவாயில் கிளிஞ்சல் வெந்து சுண்ணாம்பாவதைப் போல அது சுட்ட சுண்ணாம்பாக மாறி, பெருமளவில் மேலே இழுக்கப்பட்டது. குண்டின் யுரேனிய உறையிலிருந்த அணுக்கருக்கள் பிளந்ததால் உண்டான கதிரியக்கத் தனிமங்கள், மேகம் குளிர்ந்தபோது இத்துகள்களின் மீது படிந்தன. நுண்துகள்கள் அடுக்குமண்டலம் வரை ஏறி உலகெங்கும் பரவ, கனமானவை காற்றின் போக்கில் சென்று அருகிலேயே இறங்கின.

திரைப்படத்தின் கூர்மையான அறிவியல், டோக்கியோ எரியும் காட்சிகளைவிட, மிருகத்தின் காலடித் தடத்தில்தான் இருக்கிறது என்பேன். அங்கே கண்டறியப்படுவதாகச் சொல்லப்படும் கதிரியக்கத் தனிமமான ஸ்ட்ரான்சியம்-90, வேதியியலில் கால்சியத்தை ஒத்திருப்பதால் உடல் அதை எலும்பில் சேர்த்துக்கொள்கிறது; அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 29 ஆண்டுகள். சாம்பல் பொழிந்த அந்தப் படகில் வானொலிக் கருவியை இயக்கியவர் செப்டம்பர் 23 அன்று இறந்தார். அதற்கு 41 நாட்களுக்குப் பின் வெளியான படத்தில், காலடித் தடத்தின் மேல் ஆய்வாளர்கள் கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவியை நீட்டுகின்றனர். அவ்வாண்டு ஜப்பானின் துறைமுகங்களில், கரைக்கு வந்த சூரை மீன்களின் மேல் நீட்டப்பட்டதும் அதே கருவிதான்.