யூபிஎன்பியை அணைத்தால் கேமரா நின்றுவிடாது

கடையில் கேமரா மாட்டியாயிற்று, போனில் படம் வருகிறது என்றதும் வேலை முடிந்ததாகக் கிளம்பிவிடுகிறார்கள். ரௌட்டரில் யூபிஎன்பி (உள்ளே இருக்கும் கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ளும் வசதி) பட்டியலைத் திறந்தால் 80, 554, 8000 என்று போர்ட்டுகள், அதாவது எண்ணிட்ட கதவுகள், இணையத்தைப் பார்த்தபடி திறந்து கிடக்கின்றன. திறந்தது டிவிஆர், கேமராப் படத்தைப் பதிவுசெய்யும் பெட்டி. கடைக்காரரை யாரும் கேட்கவில்லை. வீட்டு ரௌட்டர்களின் யூபிஎன்பிக்குப் பாஸ்வேர்டு என்ற ஒன்றே கிடையாது. உள்ளே இருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் திறக்கும். வைரஸ் ஏறிய லேப்டாப் கேட்டாலும் திறக்கும்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "என் கடை ஐபி யாருக்குத் தெரியப்போகிறது?" யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. இணையத்தில் பரவலாகப் புழங்கும் ஐபிவி4 வகை முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஸீமேப் என்ற மென்பொருள், ஒரே கணினியையும் ஒரு கிகாபிட் இணைப்பையும் வைத்து, ஒரு போர்ட்டுக்காக அத்தனை முகவரிகளையும் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். உங்களைத் தேடி யாரும் வருவதில்லை. எல்லாக் கதவையும் தட்டுகிறார்கள், உங்களுடையது திறக்கிறது. 80-ஐ 8081 ஆக்கினாலும் இதே கதைதான். ஒரு முகவரிக்கு இருப்பதே 65,535 போர்ட்டுகள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் இப்படித்தான் டெல்நெட் (தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் பழைய வழி) போர்ட்டைத் தட்டி, கம்பெனியில் போட்டுவந்த பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை வைத்தே கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டோமே என்பார்கள். மாற்றத்தான் வேண்டும். ஆனால் 2021-ல் வெளிவந்த ஒரு கேமரா மென்பொருள் பிழை வழியே உள்ளே நுழைய லாகின் செய்யவே தேவையில்லாமல் இருந்தது.

ரௌட்டரில் யூபிஎன்பியை அணையுங்கள். டிவிஆரின் நெட்வொர்க் மெனுவிலும் தனியாக ஒன்று இருக்கும், அதையும் அணையுங்கள். ரௌட்டரை ரீஸ்டார்ட் செய்து பட்டியல் காலியா என்று பாருங்கள். க்யூஆர் ஸ்கேன் செய்து சேர்த்த ஆப் தொடர்ந்து ஓடும். அங்கே டிவிஆர்தான் வெளியே போய் இணைகிறது, உள்ளே வர போர்ட் வேண்டாம். ரௌட்டரின் வான் (WAN, இணையப் பக்க) முகவரி 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால், பொது ஐபி உங்களிடம் இல்லை. போர்ட் திறந்தும் பயனில்லை. பொது ஐபி இருந்து, நேரடியாகத்தான் பார்க்க வேண்டுமென்றால் ஒயர்கார்டு விபிஎன் (வெளியிலிருந்து உள்ளே வரப் பூட்டிய தனி வழி) போடுங்கள், ஒரே ஒரு யூடிபி போர்ட் போதும். டிஎம்இசட்டில் (எல்லாப் போர்ட்டையும் ஒரே கருவிக்குத் திறந்துவிடும் அமைப்பு) டிவிஆரை வைக்காதீர்கள், தயவுசெய்து.

கேமராக்களை இரண்டாவது ரௌட்டருக்குப் பின்னால் பிரித்து வைப்பவர்கள் தடுமாறுவது ஸ்டேட்டிக் ரூட்டில், அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரௌட்டருக்குக் கையால் எழுதிக்கொடுப்பதில். இரண்டாவது ரௌட்டரின் வான் 192.168.1.2 (முதல் ரௌட்டர் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வரம்புக்கு வெளியே), லேன் (கேமராக்கள் இருக்கும் உள்பக்கம்) 192.168.10.1 என்று வையுங்கள். அதில் நாட் (NAT, உள் முகவரிகளை மறைத்து மாற்றும் வசதி) என்பதை அணைத்து, வான் பக்கத்திலிருந்து உங்கள் கணினி உள்ளே வர ஃபயர்வாலில் அனுமதி கொடுங்கள். முதல் ரௌட்டரில் சேருமிடம் 192.168.10.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2. கேட்வேயில் 192.168.10.1 என்று போடுவதுதான் ஓயாமல் நடக்கும் தப்பு. முதல் ரௌட்டர் நேரடியாகத் தொடக்கூடிய முகவரி மட்டுமே கேட்வே ஆகும், 10.1-க்குப் போகும் வழியைத்தானே அதற்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

டிவிஆருக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனை) போகிறது, அதன் பக்கம் மட்டும் திறக்கவில்லையா? போகும் பாக்கெட் முதல் ரௌட்டர் வழியே போகிறது, பதில் இரண்டாவது ரௌட்டரிலிருந்து நேரே கணினிக்கு வந்துவிடுகிறது. பாதி உரையாடலை மட்டும் பார்க்கும் முதல் ரௌட்டரின் ஃபயர்வால் இணைப்பை வெட்டிவிடும். டிவிஆரைக் குறை சொல்லாதீர்கள். அதே ரூட்டைக் கணினியிலேயே நிரந்தரமாகச் சேர்த்துவிட்டால் பக்கம் திறக்கும்.