நோட்டிபிகேஷன்: அறிவிப்பா, அறிவிக்கையா?

"நோட்டிபிகேஷன் வரல" என்று சொல்லாத ஆளே இல்லை. கணினியில் உலாவி (குரோம் போன்ற பிரவுசர்) வழியாகத் திரையில் எழும்பும் டெஸ்க்டாப் நோட்டிபிகேஷனைத்தான் சொல்கிறேன். இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அது ஏன் வரவில்லை என்பதும் பாதி புரிந்துவிடும்.

லத்தீனில் 'நோட்டுஸ்' என்றால் தெரிந்தது, 'ஃபாகெரே' என்றால் செய்வது. இரண்டும் சேர்ந்து 'தெரியும்படி செய்தல்' என்ற பொருளோடு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போயின. தமிழில் அந்த வேலையை ஒரே ஓர் எழுத்து முடித்துவிடுகிறது: 'வி'. அறி என்றால் தானே தெரிந்துகொள்வது, அறிவி என்றால் அடுத்தவரை அறியச் செய்வது. செய், செய்வி, காண், காண்பி. நன்னூல் சொல்லும் அதே வி, பி விகுதிகள்தாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அறிவியிலிருந்து அறிவிப்பு, அறிவிக்கை, அறிவித்தல் என மூன்று பெயர்கள் கிளைக்கின்றன. அரசிதழில் வருவது அறிவிக்கை. இலங்கையில் மரணச் செய்தியைக்கூட 'மரண அறிவித்தல்' என்றுதான் போடுவார்கள். உலாவிக்கு எது? அறிவிப்பு என்றால் ஒலிபெருக்கியில் ஊருக்கே சொல்வது போலிருக்கிறது என்று சிலர் அறிவிக்கையைக் கேட்கிறார்கள். ஆனால் குரோமைத் தமிழில் வைத்தால் 'அறிவிப்புகள்' என்றே இருக்கிறது, கேட்டதும் யாருக்கும் புரிகிறது, அதனால் என் ஓட்டு அறிவிப்புக்குத்தான். 'அறிக்கை' மட்டும் வேண்டாம், அது ரிப்போர்ட். டெஸ்க்டாப் என்பதை மேசை என்று பெயர்த்தால் மடிக்கணினிக்கு ஒட்டாது. 'திரை அறிவிப்பு' போதும்.

சரி, அறிவிப்பது இணையதளம், அறிவது நாம். நடுவில் இரண்டு வாசல்கள்: உலாவி, அப்புறம் கணினியின் இயங்குதளம் (விண்டோஸ், மேக் போன்றவை). தளம் முதல்முறை கேட்கும்போது அவசரத்தில் 'தடு' என்பதை அழுத்திவிட்டால் அந்தத் தளத்தால் மறுபடி கேட்கவே முடியாது, நாம்தான் முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னத்தை அழுத்தி, தள அமைப்புகளுக்குப் போய் 'அனுமதி' என்று மாற்ற வேண்டும். சில நேரம் கேள்வியே கண்ணில் படாது, ஏனென்றால் கண்ட தளமெல்லாம் கேட்டுத் தொல்லை கொடுத்ததால் 2020-இல் ஃபயர்பாக்ஸ் 72 அந்தக் கேள்வியைத் தானாக எழும்பவிடாமல் ஒதுக்கியது, குரோம் 80-உம் அதை முகவரிப் பட்டையில் கோடு போட்ட மணியாக அடக்கிவைக்கத் தொடங்கியது. அந்த மணியை அழுத்தி அனுமதி கொடுக்கலாம். குரோமின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) அனுமதியே கிடையாது.

ஒரு தளத்திலிருந்து மட்டும் வரவில்லை என்றால் முதல் வாசலைப் பாருங்கள். எதிலிருந்துமே வரவில்லையா, பெரும்பாலும் இரண்டாவதுதான்: விண்டோஸ் 11-இல் 'தொந்தரவு செய்யாதே', மேக்கில் 'ஃபோகஸ்', அல்லது கணினியின் அறிவிப்பு அமைப்புகளில் உலாவியே அணைக்கப்பட்டிருக்கும். உலாவியை முழுதாக மூடியிருந்தாலும் பெரும்பாலும் வராது.

ஆனால் 'வரவில்லை' என்று முடிவுகட்டும் முன் விண்டோஸ் 11-இல் விண்டோஸ் விசையோடு N எழுத்தை அழுத்திப் பாருங்கள், அறிவிப்புப் பட்டியல் திறக்கும். தொந்தரவு செய்யாதே இயங்கும்போது வந்ததெல்லாம் திரையில் எழும்பாமல் அந்தப் பட்டியலில் வரிசையாகக் கிடக்கும். தளம் அறிவித்துவிட்டது, நாம்தான் இன்னும் அறியவில்லை.