மாடு தண்ணீர் குடித்தால் பால் தண்ணியாகுமா?

கறவை மாட்டுக்கு நிறையத் தண்ணீர் காட்டினால் பால் நீர்த்துப்போகும் என்கிறார்களே, உண்மையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு தண்ணீர்தான். ஆனால் அது எவ்வளவு சேர வேண்டும் என்று முடிவுசெய்வது சர்க்கரை. (கறந்தபின் சேரும் தண்ணீர் வேறு கதை.)

மாட்டுக்கு நான்கு அறை வயிறு, முதல் அறையில் நுண்ணுயிரிகள் தீவனத்தை நொதிக்கவைக்கும் என்பதெல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான். நொதித்தலில் கிடைப்பவை அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்கள். தீவனத்தின் மாவுச்சத்தைப் பெரும்பாலும் நுண்ணுயிரிகளே முந்திக்கொண்டு தின்றுவிடுகின்றன. குடல்வழியாக மாட்டுக்குக் கிடைக்கும் குளுக்கோஸ் சொற்பம். ஒரு லிட்டர் பாலுக்கோ சுமார் 70 கிராம் குளுக்கோஸ் வேண்டும்! அதைக் கல்லீரல் புதிதாகச் செய்துகொள்கிறது. அதற்கு முக்கிய மூலப்பொருள் புரோப்பியோனிக் அமிலம்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். மடியின் செல்லுக்குள், சவ்வாலான பைகளைக் கொண்ட கோல்கி உறுப்பில் குளுக்கோஸ், பால் சர்க்கரையான லாக்டோஸாக மாறுகிறது. லாக்டோஸால் அந்தச் சவ்வைத் தாண்டி வெளியேற முடியாது. உள்ளே அடைபட்டபடி, சவ்வூடு பரவலால் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது. உள்ளே கரைந்திருப்பவற்றின் செறிவு ரத்தத்தின் செறிவுக்குச் சமமானதும் இழுப்பு நின்றுவிடும். அதனால்தான் எந்த மாட்டுப் பாலிலும் லாக்டோஸ் 5 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. லாக்டோஸ் கூடினால் பால் இன்னும் இனிப்பதில்லை, அளவு கூடுகிறது. தண்ணீர் போதாவிட்டால் பால் கெட்டியாவதில்லை, குறைகிறது. ஆகவே தொட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

அப்படியானால் புரோப்பியோனிக் அமிலத்தைப் பெருக்கும் தானியத்தையே அள்ளிக்கொட்டினால்? அங்கேதான் சிக்கல். பாலின் கொழுப்புக்கு நார்த்தீவனம் தரும் அசிட்டிக் அமிலம் வேண்டும். நார் இருந்தால்தான் மாடு நன்றாக அசைபோடும். அசைபோட்டால்தான் ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரந்து, அதிலுள்ள பைகார்பனேட் வயிற்றின் அமிலத்தைத் தணிக்கும். தீவனத்தைப் பொடிப்பொடியாக நறுக்கினாலும் அசைபோடுவது குறைந்துவிடும்.

பால் பெருக்கும் பொடி என்று எதையாவது விற்க வருபவரிடம், அது எந்த வழியாக லாக்டோஸைக் கூட்டுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு மாறிவிடும். தானியத்தைக் கூட்டுவதானால் இரண்டு மூன்று வாரங்களில் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். வயிற்றிலுள்ள நுண்ணுயிர்க் கூட்டம் புதுத் தீனிக்கேற்ப மாறிக்கொள்ள அவ்வளவு காலம் பிடிக்கும்.