சோலார் மானியம்: முதலில் இ.பி. கார்டில் யார் பெயர் என்று பாருங்கள்

மொட்டை மாடியில் சோலார் போட மத்திய அரசு தரும் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. 2024-இல் தொடங்கிய சூர்ய கர் திட்டம் இது. 2026-27 நிதியாண்டு வரை. மின்சாரத்துக்காகத் தூத்துக்குடியில் எரிக்கிற நிலக்கரியும் கொஞ்சம் குறையும். திட்டத்தில் குறையில்லை. மானியத்தை வாங்கப் போகும்போதுதான் அலைச்சல்.

பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பக்கம் எத்தனையோ வீடுகளில் இணைப்பு இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில்தான் இருக்கிறது. பில் ஒழுங்காகக் கட்டுவதால் யாரும் கவனிப்பதில்லை. மானியத்துக்காகப் பெயர் மாற்றப் போனால் வாரிசு சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று கேட்பார்கள். சான்றுக்கு இ-சேவையில் போட்டால் விஏஓ, ஆர்.ஐ., தாசில்தார் என மேசை மேசையாக நகரும். "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்பதையும் கேட்டாக வேண்டும். சோலார்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இதை ஆரம்பித்தால் அந்தப் பணமும் முடங்கும். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள். பாஸ்புக், ஆதார், இ.பி. கார்டு மூன்றிலும் இன்ஷியல் உட்படப் பெயர் ஒன்றாக இருக்கட்டும்.

முன்னறையில் டெய்லர் கடை, பெட்டிக்கடை வைத்து வணிகக் கட்டண இணைப்பு வாங்கியிருந்தால் அந்த இணைப்புக்கு மானியம் இல்லை. வீட்டு இணைப்பு வேண்டும்.

அடுத்தது பேனல். வெயிலை மின்சாரமாக்கும் சோலார் செல், அவற்றைச் சேர்த்துச் செய்யும் பேனல் இரண்டுமே இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். இங்கே நெல்லை கங்கைகொண்டானிலேயே டாடா பவர் இரண்டையும் தயாரிக்கிறது. ஆனாலும் விலை குறைவு என்று வெளிநாட்டு செல்லைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அதை மாட்டினால் மானியம் போச்சு. கொட்டேஷனிலேயே 'டி.சி.ஆர். பேனல்', அதாவது செல்லும் பேனலும் இந்தியத் தயாரிப்பு என்று எழுதி வாங்குங்கள். சோலார்காரர் பெயர் திட்ட இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விண்ணப்பத்தில் உங்கள் செல் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும். "நானே போட்டுத் தர்றேன் அண்ணாச்சி" என்று சோலார்காரர் தன் நம்பரைப் போட்டுவிட்டால், ஓடிபி முதல் எல்லாம் அவரிடம்தான் போகும். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

மானியம் முன்கூட்டி வராது. நீங்கள் எடுக்கிற மின்சாரம், திருப்பி அனுப்புகிற மின்சாரம் இரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகே உங்கள் கணக்குக்கு வரும். பேனல் மாட்டியாச்சு என்று முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்; கடைசித் தவணை மீட்டர் வந்த பிறகு. "மீட்டர் ஸ்டாக் இல்லை" என்று இ.பி. ஆபீஸில் சொன்னால் சும்மா திரும்பாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தில் (94987 94987) புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது அந்த எண்ணைச் சொல்லிப் பேசுங்கள்.