பிள்ளையின் படிவத்தில் அம்மாவின் விடைகள்

பிள்ளைக்குக் கவனக்குறைவும் துறுதுறுப்பும் சார்ந்த ஏடிஎச்டி (ADHD) இருக்கிறதா என்று பார்க்கும்போது பெற்றோரிடமும் ஒரு கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். பொருள்களை அடிக்கடி தொலைக்கிறானா, தொடங்கியதை முடிக்கிறானா என்று அது நீளும். நிரப்பிக்கொண்டிருக்கும்போதே ‘இதெல்லாம் எனக்கும் உண்டே’ என்று திகைத்துப்போகும் அம்மாக்கள் உண்டு. அதில் வியப்பில்லை. இரட்டையர் ஆய்வுகள் ஏடிஎச்டியில் மரபின் பங்கை 70 முதல் 80 விழுக்காடு வரை மதிப்பிடுகின்றன.

அப்படியென்றால் அந்த அம்மாவைச் சின்ன வயதில் ஏன் யாரும் கவனிக்கவில்லை? வகுப்பில் ஓடித்திரியும் பையன் ஆசிரியர் கண்ணில் உடனே படுவான். அமைதியாக உட்கார்ந்து, மனத்தை எங்கோ அலையவிடும் பெண்பிள்ளையால் யாருக்கும் தொந்தரவில்லை. வளர்ந்தபின் அவள் இரவெல்லாம் விழித்து, எல்லாவற்றையும் எழுதிவைத்துச் சமாளிக்கிறாள். வேலை, மகனின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ, மாமியாரின் மருத்துவச் சந்திப்பு எல்லாம் ஒரே தலையில் விழும்போது அந்தச் சமாளிப்பு உடைந்துபோகிறது. அதைச் சோம்பேறித்தனம் என்பது அநியாயம். திட்டமிடவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் உதவும் மூளையின் முன்பகுதியில் டோபமின், நோராட்ரினலின் என்னும் வேதிப்பொருள்களின் செயல்பாடு மாறுபடுகிறது. என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தொடங்குவதும் தொடர்வதும்தான் சிக்கல்.

சரி, அந்த அம்மாவே மதிப்பீட்டுக்குப் போனால் என்ன நடக்கும்? இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டிக்கொடுக்காது. மனநல மருத்துவரோ உளவியலாளரோ விரிவாகப் பேசித்தான் கண்டறிவார்கள். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, கவனக்குறைவின் 9 அறிகுறிகளில் குறைந்தது 5, அல்லது துறுதுறுப்பும் அவசரமும் சார்ந்த 9-இல் குறைந்தது 5 இருக்கவேண்டும். வீடு, வேலையிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவை தெரியவேண்டும். எல்லாவற்றையும்விட, சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்கவேண்டும். 2013 வரை அந்த வரம்பு 7 வயதாக இருந்தது.

இங்கேதான் பழைய ரிப்போர்ட் புக் கைகொடுக்கிறது. மதிப்பெண்ணைவிட, ‘கெட்டிக்காரி, கவனம் போதாது’ என்று ஆசிரியர் எழுதிய வரியைத் தேடுங்கள். நன்றாகப் படித்தவருக்கு இது இருக்காது என்று நினைக்கவேண்டாம். உங்கள் அம்மாவிடமும் கேளுங்கள். ‘நான் எப்படி இருந்தேன்?’ என்றால் ‘நீ நல்ல பிள்ளைதானம்மா’ என்று முடித்துவிடுவார். தண்ணீர்ப் போத்தலைத் தொலைத்துக்கொண்டே இருந்தேனா, யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வீட்டுப்பாடம் முடிந்ததா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

அப்புறம் தைராய்டு, இரத்தசோகை, தூக்கக் கோளாறு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றையும் மருத்துவர் பார்ப்பார். கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் இருப்பவருக்கு மறதி வருவது இயல்பு. அது புதிதாக வந்ததா, பள்ளிநாளிலிருந்தே தொடர்கிறதா என்பதை அவர் பிரித்தறியவேண்டும். பெண்களுக்குப் பதற்றம் மட்டும் கண்டறியப்பட்டு, அடியில் இருக்கும் ஏடிஎச்டி தப்பிவிடுவதும் உண்டு. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனைக்கோ மனநலக் கழகத்துக்கோ போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியம் உண்டு. ஆனால் காத்திருக்க நேரும். தனியாரிடம் செலவு அதிகம். உளவியலாளர் மருந்து எழுதித்தர முடியாது என்பதால், முன்பதிவு செய்யும்போதே யாரைப் பார்க்கப்போகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். கருவுற்றிருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். எந்த மருந்து, எப்போது என்ற முடிவு அதையும் பொறுத்தது.