கடை திறப்புக்கு பூஸ்ட் மட்டும் போதாது

மார்த்தாண்டத்தில் மறுபடியும் ஒரு பேக்கரி. விளம்பரக் காசு முழுவதும் ஃபேஸ்புக் பூஸ்டுக்கு, அதாவது காசு கட்டிப் பதிவைப் பலர் கண்ணில் படவைப்பதற்கு. லைக் குவிந்தது, திறப்பு நாளில் வந்ததோ சொந்தக்காரர்கள்தான். கேட்டால், "நோட்டீஸை இப்ப யாரு சார் படிக்கிறாங்க?" என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம் கன்னியாகுமரி. படிக்க ஆள் இருக்கிறது. படிக்கிற மாதிரி நோட்டீஸ்தான் இல்லை.

பூஸ்ட் யாருக்குப் போக வேண்டும் என்று மார்த்தாண்டத்தை நடுவில் வைத்து 25 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். களியக்காவிளை தாண்டி, பாறசாலை தாண்டி, கேரளத்து நெய்யாற்றின்கரை வரை போகும். அங்கே இருப்பவர் லைக் போடுவார், அரைக் கிலோ மிக்சர் வாங்க எல்லை தாண்டி வரமாட்டார். பேக்கரி, மளிகை, தையல் கடைக்கெல்லாம் வாடிக்கை பைக்கில் பத்து நிமிடத் தூரத்துக்குள்தான். நகை, கல்யாணப் பட்டு என்றால் கணக்கு வேறு, அதற்கு ஆன்லைன் வேண்டும்தான்.

நோட்டீஸ் ஏ5 அளவு, தாள் கனம் 70 ஜிஎஸ்எம், ஒரு பக்கம் போதும். முதலாளி படம் வேண்டாம், அந்த இடத்தில் வழியைப் போடுங்கள். மேம்பாலத்துக்குக் கீழே பம்மம் பக்கமா, வெட்டுவெந்நி பக்கமா என்று எழுதாவிட்டால் வண்டி பாலத்தின் மேலே ஏறிப் போய்விடும். பேப்பரில் செருக வேண்டுமென்றால் கட்டு முந்தின நாள் மாலையே ஏஜென்டிடம் போய்ச் சேர வேண்டும். ஞாயிறு வேண்டாம். காலைப் பூசைக்கும் ஆராதனைக்கும் வீடே கிளம்பும் நேரம், பேப்பரை யாரும் விரிப்பதில்லை. சனிக்கிழமை போடுங்கள். விளவங்கோடு பக்கம் மலையாளப் பேப்பருக்கும் ஒரு கட்டு கொடுங்கள்.

அதிகம் பாழாவது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ விளம்பரம். ஆட்டோ 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வினாடிக்கு ஐந்தரை மீட்டர் நகரும். சத்தம் முன்னும் பின்னும் 50 மீட்டர் தெளிவாகக் கேட்கும் என்றால், வாசலில் நிற்பவருக்குக் கிடைப்பது 18 வினாடி. அதில் 12 வினாடி பாட்டு ஓடினால் கடைப் பெயர் அடுத்த தெருவில் போய் விழும். பெயர், இடம், தேதி மூன்றையும் ஏழு வினாடியில் சொல்லி, உடனே திரும்பச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். பள்ளி, மருத்துவமனை பக்கம் போனால் நிறுத்திவிடுங்கள்.

தயவுசெய்து இதையும் செய்யுங்கள்: கருங்கலுக்கு மஞ்சள் தாள், குழித்துறைக்குப் பச்சை, அருமனைக்கு ரோஸ். நோட்டீஸோடு வந்தால் 20 ரூபாய் தள்ளுபடி. கல்லாவில் வாங்கி வைத்து, பத்தாம் நாள் நிறம் நிறமாகப் பிரித்து எண்ணுங்கள். எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள், நோட்டீஸை யாரும் படிக்கவில்லை என்று.