சம்பாஷணை: பொருளும் தமிழ்ச் சொற்களும்

சம்பாஷணை என்பது வடசொல். ‘சம்’ என்னும் முன்னொட்டு ‘கூடி’ என்றும், ‘பாஷ்’ என்னும் வேர் ‘பேசு’ என்றும் பொருள்படுவதால், இருவரோ பலரோ கூடிப் பேசுதல் என்பதே இதன் நேர்ப்பொருள். பாஷை என்பது பாடை ஆனதைப் போல இதனைச் சம்பாடணை என்று எழுதுவதும் உண்டு. மலையாளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்றும் இயல்பாக வழங்கும் இச்சொல், தமிழில் பெரிதும் அருகிவிட்டது.

வடமொழியில் இச்சொற்குடும்பம் முறைப்பட்ட பேச்சையும் குறித்தது. பண்டைய ஆயுர்வேத நூலாகிய சரக சம்ஹிதையில் விமானஸ்தானம் என்னும் பகுதியின் எட்டாம் அத்தியாயம், மருத்துவம் கற்றவர்கள் தம்முள் நிகழ்த்தும் பேச்சைச் ‘சம்பாஷா’ என்று குறித்து, இணங்கிப் பேசுவது, வெல்லும் நோக்கோடு எதிர்த்துப் பேசுவது என அதனை இரண்டாக வகுக்கிறது. யாரோடு எவ்வகைப் பேச்சை நிகழ்த்த வேண்டும் என்பதையும் அது விரித்துரைக்கிறது.

இதற்கு ஈடாகத் தமிழில் நிலைபெற்றுள்ள சொல் உரையாடல். உரை என்பது தனியொருவர் கூறுவதாகவும் இருக்கலாம். ‘ஆடு’ சேர்ந்ததும், வாதாடு, போராடு என்பவற்றைப் போல, எதிரே மற்றொருவர் இருப்பது பொருளுக்குள் வந்துவிடுகிறது. இவ்வமைப்பு மிகப் பழையது. ‘கல்லா ஒருவன் தகைமை தலைப்பெய்து சொல்லாடச் சோர்வு படும்’ (குறள் 405) என்னுமிடத்தில், கற்றவரைக் கூடிப் பேசும் பேச்சையே வள்ளுவர் ‘சொல்லாட’ என்கிறார். தொல்காப்பியச் செய்யுளியலோ, ‘கூற்றும் மாற்றமும் இடையிடை மிடைந்து’ வருவதை உறழ்கலி என்னும் கலிப்பா வகையின் இயல்பாகக் கூறுகிறது. மாற்றம் என்பது அங்கே மறுமொழி. ஒருவர் கூற, மற்றவர் மறுமொழி தரும் அமைப்புக்கு இதைவிடச் செறிவான தமிழ் விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் எல்லா இடத்திலும் உரையாடல் என்றே எழுதிவிடுவது பொருத்தமன்று. ஒரு பொருளைப் பற்றிப் பலர் கூடிக் கருத்துச் சொல்வது கலந்துரையாடல். ஒருவரிடம் வினா எழுப்பி விடை பெறுவது நேர்காணல். மாறுபட்ட கருத்துகளை எதிரெதிரே நிறுத்துவது விவாதம், தமிழில் சொல்வதானால் சொற்போர். நெஞ்சு கலந்து பேசும் நட்புப் பேச்சுக்கு அளவளாவுதல் என்னும் அழகிய சொல் இருக்கிறது. அதனை அலுவல் கூட்டத்துக்குப் பயன்படுத்துவது பிழை. நாடகத்திலும் திரைப்படத்திலும் பாத்திரங்கள் பேசுவதை வசனம் என்கிறோம். மலையாளத் திரைப்படங்களில் அவ்விடத்தில் சம்பாஷணம் என்னும் சொல்லே வரும்.

உடன்பாடு காண்பதற்காக இரு தரப்பினர் அமர்ந்து பேசுவதைப் பேச்சுவார்த்தை என்கிறோம். இதன் பின்பகுதியாகிய வார்த்தை, செய்தி என்று பொருள்படும் ‘வார்த்தா’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. தனித்தமிழில் எழுத விரும்புவோர் ‘பேச்சு நடத்தினர்’ என்று எழுதலாம். பொருள் சிறிதும் குறையாது. ஆனால் ஊதிய உயர்வுக்காகத் தொழிற்சங்கமும் நிருவாகமும் பேசுவதை ‘உரையாடினர்’ என்று எழுதினால், கோரிக்கையும் பேரமும் அதில் இருந்ததே படிப்பவருக்குத் தெரியாமற்போகும்.